முதலில் யாரிடம் சொல்வது?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. வராத சரக்குக்கு டி.ஓ.வில், அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டில், கையெழுத்துப் போடச் சொல்கிறார் சூப்பர்வைசர். ஸ்டோரில் வேலை செய்யும் பெண் முதல் மாதம் போட்டுவிடுகிறார். "நாளைக்கு வந்துவிடும்மா" என்றார்கள், நம்பினார். இரண்டாம் மாதமும் அதே சப்ளையர், அதே தொகை, சரக்கு மட்டும் வரவில்லை. இப்போது விளங்கிவிட்டது. அன்று இரவு அக்காளிடம் சொல்கிறார். மறுநாள் கேண்டீனில் நெருங்கிய தோழியிடம். அதற்கும் மறுநாள், மனம் தாங்காமல், பழைய வேலைத்தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் நாலு வரி. வாரம் முடிவதற்குள் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடுகிறது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் கையில்தான் ஷோ காஸ் கடிதம்: சரக்கைப் பார்க்காமல் கையெழுத்திட்டதற்கு விளக்கம் தரவும்.

இது ஒரு மாதிரிக் கதை. ஆனால் வேலையிடத்தில் ஒரு தவறைப் பார்த்துவிட்டு ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் சொல்லியிருப்பார்கள். வீடு, தோழி, வாட்ஸ்அப், எல்லாம் முடிந்த பிறகு அதிகாரி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பயந்தவர் தாம் நம்புகிறவரிடம்தான் முதலில் ஓடுவார். ஆனால் மலேசியச் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக எதிர்பார்க்கிறது. என்ன அநியாயம் நடந்தது என்று பார்ப்பதற்கு முன்பே, அதை யார் காதில் முதலில் போட்டீர்கள் என்று அது கேட்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 711-ஆவது சட்டம், 2010 டிசம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. தகவல் கொடுத்தவரின் பெயரும் அவர் கொடுத்த விவரமும் ரகசியமாக இருக்க வேண்டும், கொடுத்ததற்காக அவர் மீது வழக்குப் போடக்கூடாது, அவரைப் பழிவாங்கக்கூடாது. இந்த மூன்றும்தான் அதன் சாரம். பழிவாங்கல் என்பதில் வேலைநீக்கம், பதவி இறக்கம், மிரட்டல், தொல்லை எல்லாம் அடங்கும். உறவினருக்கும் நெருங்கியவருக்கும் கூட இந்தக் காப்பு உண்டு. ரகசியத்தை உடைப்பவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பழிவாங்குபவருக்கு அது 100,000 ரிங்கிட், 15 ஆண்டு வரை போகலாம்.

பலமான சட்டம்தான். ஆனால் அதற்கு ஒரே வாசல். அமலாக்க அமைப்பு ஒன்றிடம் சொன்னால்தான் சட்டம் உங்களைத் தகவலளித்தவராக ஏற்கும். போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம்., சுங்கத் துறை, குடிநுழைவுத் துறை, சாலைப் போக்குவரத்துத் துறை, சுற்றுச்சூழல் துறை என, விசாரித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரமுள்ள அரசு அமைப்புகள் எல்லாம் இதில் வரும். எச்.ஆர். மேனேஜரிடம் சொன்னேன், ஒய்.பி.யின் சேவை மையத்தில் மனுக் கொடுத்தேன், கோயில் தலைவரிடம் முறையிட்டேன், பத்திரிகைக்கு எழுதினேன் என்றால், சொன்னது முழு உண்மையாகவே இருந்தாலும், இந்தச் சட்டம் உங்களைக் காக்க வராது.

இதன் விலை என்ன என்பதை ஒரு வழக்கு காட்டியது. தேசிய மாட்டுப்பண்ணைத் திட்டத்துக்காக நேஷனல் ஃபீட்லாட் நிறுவனத்துக்கு அரசாங்கம் 250 மில்லியன் ரிங்கிட் சலுகைக் கடன் கொடுத்திருந்தது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்ற சர்ச்சையில், 2012 மார்ச்சில் அரசியல்வாதி ரஃபிஸி ரம்லி செய்தியாளர்களைக் கூட்டி வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்டார். பொதுமக்கள் பணம் என்பதால் நாடே பேசியது. வழக்கு அவர் மீதே பாய்ந்தது, வங்கி ரகசியத்தை வெளியிட்டதாக. அவரோடு ஒரு முன்னாள் வங்கி எழுத்தரும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். 2018 பிப்ரவரியில் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் இருவருக்கும் 30 மாதச் சிறை விதித்தது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இந்த வழக்கைப் பேசும் எல்லோரும் அரசியல்வாதியைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் அந்த எழுத்தரிடமே போய் நிற்கும். அரசியல்வாதிக்கு ஒரு கட்சி இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், மேடை இருந்தது. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய ஒருவருக்கு ஏழு ஆண்டுக்கு மேல் தலைக்கு மேலே வழக்கு தொங்கினால் வாழ்க்கை என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீதிபதிக்கும் இதே கதிதான். மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஹமிட் சுல்தான் அபு பக்கர், 2019 பிப்ரவரியில், நீதித்துறைக்குள் முறைகேடுகள் நடந்ததாகச் சத்தியப் பிரமாண வாக்குமூலம் ஒன்றைத் தாக்கல் செய்தார். நம் ஜார்ஜ் டவுனில் பிறந்த கர்ப்பால் சிங்கின் மகள், வழக்கறிஞர் சங்கீத் கவுர் தொடுத்த வழக்கில் தாக்கலான ஆவணம் அது. 2021-இல் நீதிபதிகளின் ஒழுக்கநெறிக் குழு ஹமிட் சுல்தானைப் பணி ஓய்வு வரை இடைநீக்கம் செய்தது. சபாவில் சுரங்க உரிமத்துக்காக அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகக் காணொளிகளோடு ஊடகத்துக்குப் போன தொழிலதிபர் அல்பர்ட் தெய், 2025 ஜூனில் லஞ்சம் கொடுத்த குற்றச்சாட்டில் தாமே நீதிமன்றத்தில் நின்றார். அரசியல்வாதி, நீதிபதி, தொழிலதிபர் மூவரும் மூன்று விதமான மனிதர்கள். அவர்கள் சொன்னதில் எது சரி, எது தவறு என்பது இங்கே கேள்வியில்லை. மூவரும் வெளியில் பேசினார்கள், மூவருக்கும் காப்பு கிடைக்கவில்லை.

2025 மார்ச்சில் மக்களவை இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. வேறொரு சட்டம் வெளியிடத் தடை போட்டிருந்தால் பாதுகாப்பு கிடையாது என்ற நிபந்தனையை எடுப்பதும், மேற்பார்வைக்கு ஒரு குழு அமைப்பதும் அதில் உள்ளவை. வங்கி ஊழியருக்கும் அரசு ஊழியருக்கும் முதலாவது மிக முக்கியம். ஆயினும் வாசல் மாறவில்லை. அமலாக்க அமைப்பிடம்தான் போக வேண்டும்.

நம்மில் பலரை நிறுத்துவது சட்டம் அல்ல. சட்டத்துக்கு வெகு முன்பே வாய் அடைபட்டுவிடுகிறது.

2022 ஏப்ரலில், பினாங்கு மருத்துவமனையில் பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆன ஓர் இளம் பயிற்சி மருத்துவர் இறந்தார். அந்த மரணத்தின் காரணம் இதுதான் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நாடு முழுவதும் இளம் மருத்துவர்கள் பேசத் தொடங்கினார்கள். வார்டில் எல்லோர் முன்னிலும் திட்டுவது, ஓய்வில்லாத வேலை நேரம், பெயர் சொல்லியும் சொல்லாமலும் கேவலப்படுத்துவது என்று வரிசையாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் தம் பெயரைச் சொல்லவில்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், பேராசிரியர் சித்தி ஹமிசா தப்சிர் தலைமையில் பணிக் கலாச்சாரத்தை ஆராயத் தனிப் பணிக்குழு அமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை வந்தது.

படித்தவர்கள், ஆங்கிலமும் மலாயும் சரளமாகப் பேசுபவர்கள், சமுதாயம் மரியாதை கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள். அவர்களே ஏன் அத்தனை காலம் வாய் திறக்கவில்லை? பயிற்சிக் காலத்தில் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போக அந்தப் பிரிவின் மூத்தவர்களுடைய மதிப்பீடு வேண்டும். திட்டுபவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவரே. மேலும் 2016 டிசம்பரிலிருந்து புதியவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்கிறார்கள். நிரந்தரப் பதவி பின்னால் வரலாம், வராமலும் போகலாம். வேலையைக் கொடுப்பவர் கையிலேயே புகாரைக் கேட்கும் காதும் இருந்தால் யார் பேசுவார்கள்? அவர்களைக் கோழை என்று ஒருவரும் சொல்ல வேண்டாம்.

நம் சமூகத்தில் இன்னும் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, வேலை கிடைத்த வழி. பினாங்கில் எத்தனையோ பேருக்கு மாமா சொல்லி, சித்தப்பா சொல்லி, சர்ச்சில் தெரிந்தவர் சொல்லித்தான் வேலை கிடைத்திருக்கிறது. வாய் திறந்தால் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? அவரும் அதே கம்பெனியில் இருபது வருடமாக இருக்கிறார். இரண்டாவது, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வளர்ப்பு. வீட்டில் பெரியவர்கள், "சோறு போடுற இடத்துக்குத் துரோகம் பண்ணாதே" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளைக்குச் சோறு போடுவது கம்பெனி. அந்தக் கம்பெனியின் பணத்தைக் களவாடுகிறவர் ஒரு மேனேஜர். அவரைக் காப்பாற்றுவது எந்த உப்புக்கும் விசுவாசம் ஆகாது. கம்பெனி நொடித்துப்போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அந்த மேனேஜர் இல்லை, உங்கள் பிள்ளைதான்.

ஊழியர் பேசினால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். உலக அளவில் மோசடி ஆய்வாளர்களின் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கண்டுபிடிக்கப்பட்ட மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ கொடுத்த தகவலால் வெளிவந்தவை. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் கொடுத்தவை. கணக்காய்வாளர் பிடிப்பதைவிட ஸ்டோர்க்காரர் பிடிப்பது அதிகம்.

சரி, அந்தப் பெண் என்ன செய்திருக்க வேண்டும்?

சந்தேகம் வந்த அன்றிரவே எழுதியிருக்க வேண்டும். கம்பெனி கம்ப்யூட்டரிலோ கம்பெனி போனிலோ வேண்டாம். சாதாரண நோட்டுப் புத்தகத்தில், பேனாவால். தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள். டி.ஓ. எண், சப்ளையர் பெயர், தொகை, எந்த ஷிப்ட். "சூப்பர்வைசர் திருடுகிறார்" என்று எழுதாதீர்கள். "12-ஆம் தேதி மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் இந்த எண்ணுள்ள டி.ஓ.வில் கையெழுத்துக் கேட்டார், லோடிங் பேயில் சரக்கு இல்லை" என்று எழுதுங்கள். முதலாவது உங்கள் முடிவு, இரண்டாவது நீங்கள் கண்டது. அதிகாரிக்குப் பயன்படுவது கண்டதுதான். நடந்த அன்றே எழுதிய குறிப்புக்கு, ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

ஆவணங்களைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஆத்திரத்தில் கம்பெனி ஃபைல்களைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். வங்கியில் இருப்பவர் வாடிக்கையாளர் கணக்கைத் தொடவே கூடாது. மருத்துவமனையில் இருப்பவர் நோயாளியின் பதிவை எடுக்கக் கூடாது. நாளைக்கு அதுவே உங்கள் மீது வேலைநீக்கத்துக்குக் காரணமாகும், சில இடங்களில் குற்றமாகவும் ஆகும். அந்தத் தாள் எங்கே இருக்கிறது, அதன் எண் என்ன, யாரிடம் சாவி இருக்கிறது என்று சொன்னால் போதும். போய் எடுப்பதற்கான அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. உங்கள் வேலையின் வழக்கத்தில் உங்கள் கைக்கு வந்த தாள்களை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் என்றதும் பணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. அக்காளிடம் சொல்வதற்கு முன் அங்கே சொல்லலாம். வழக்கறிஞரிடம் சொன்னது அவரைத் தாண்டிப் போகாது. நம் கதைப் பெண்ணுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் முதல் மாதம் அவரே கையெழுத்திட்டிருக்கிறார். தகவல் கொடுத்தவரே தவறில் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பைத் திரும்பப் பெற 711-ஆவது சட்டம் இடம் தருகிறது. ஏமாற்றப்பட்டுப் போட்டது வேறு, தெரிந்து போட்டது வேறு. அந்த வேறுபாடு ஷோ காஸ் கடிதத்துக்குப் பதிலாக வரக்கூடாது, அதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். தன் தவறை மறைத்துக்கொண்டு அடுத்தவர் தவறை மட்டும் சொல்கிறவர் விசாரணையின் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வார். இன்னொன்று: உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிய பிறகு, அதிலிருந்து தப்பத்தான் புகார் கொடுத்தீர்கள் என்று தெரிந்தாலும் பாதுகாப்புப் போகும். ஆகவே நாள் கடத்தாதீர்கள்.

எச்.ஆரிடமோ கம்பெனியின் புகார் எண்ணிலோ சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம், பல நேரங்களில் அதுவே விரைவான வழி. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. ஊழியரோ ஏஜெண்டோ கம்பெனிக்காக லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி. லஞ்சத் தொகையைப் போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். போதுமான தடுப்பு நடைமுறைகள் வைத்திருந்தோம் என்று காட்டினால்தான் அது தப்பும். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தகவலளிப்போர் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே நாளிலிருந்து விதி. ஆகவே நல்ல நிர்வாகம் உங்கள் தகவலை வரவேற்கும். ஆனால் அந்தப் புகார் எண்ணை எடுப்பது யார் என்று முதலில் விசாரியுங்கள். நீங்கள் யார் மேல் புகார் சொல்கிறீர்களோ அவருக்குக் கீழே வேலை செய்பவரா? அப்படியானால் அங்கே போகாதீர்கள். உள்ளே சொல்வதானால் எழுத்தில் சொல்லி, பெற்றுக்கொண்டதற்குப் பதில் வாங்குங்கள். உள்ளே மட்டும் சொன்னவருக்கு 711-ஆவது சட்டத்தின் காப்பு இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இதில் நாம் தனியாக இல்லை. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம், பங்குச் சந்தை ஆணையத்துக்குக் கொடுத்த தகவலால் 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் வசூலானால் அதில் 10 முதல் 30 விழுக்காடு வரை தகவல் தந்தவருக்கு வெகுமதி தருகிறது. அந்த நாட்டிலும், கம்பெனிக்குள் மட்டும் சொல்லிவிட்டு ஆணையத்திடம் சொல்லாத ஊழியருக்கு அந்தச் சட்டத்தின் பழிவாங்கல் தடை பொருந்தாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பாயான் லெப்பாஸில் அமெரிக்கக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வெகுமதிக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலை போனால் அமெரிக்கச் சட்டம் இங்கே வந்து காக்காது. சீமென்ஸின் சீன நிறுவனத்தில் பணியாற்றிய தைவான்காரர் ஒருவர் அந்தக் காப்பைக் கேட்டு 2014-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்.

எந்தத் தவறை எங்கே கொண்டு போவது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். லஞ்சம், கமிஷன், டெண்டர் சாய்ப்பது, பொய்யான கணக்குக் காட்டிப் பணம் எடுப்பது என்றால் எஸ்.பி.ஆர்.எம்.; கட்டணமில்லா எண் 1-800-88-6000. பொய் ஆவணம், கம்பெனிப் பணத் திருட்டு என்றால் போலீஸிலும் கொடுக்கலாம். சம்பளம், ஓவர்டைம், இ.பி.எப்., சொக்சோ கட்டாமை இவற்றுக்கு அந்தந்த அலுவலகமும் லேபர் ஆபிஸும். ஆலைக் கழிவை இரவில் ஆற்றில் திறந்துவிடுவது சுற்றுச்சூழல் துறைக்கு.

வேலையிடப் பாதுகாப்பு என்றால், அதற்கான துறையான டோஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே தாமதம் உயிரைக் குடிக்கும். 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்கா லெங்கோக் லெம்பா பெர்மாய் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. சரிவுக்கு முன் மண்ணில் வரும் விரிசலையோ சேற்று நீரையோ முதலில் பார்க்கக்கூடியவர் பொறியாளர் அல்ல, அங்கே மண்வெட்டி பிடித்து நிற்பவர். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்ன ஊழியரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. 2024 ஜூன் 1 முதல் இன்னும் ஓர் உரிமை வந்திருக்கிறது: கண்ணெதிரே ஆபத்து இருக்கிறது என்று நம்பக் காரணமிருந்து, முதலாளி சரிசெய்யவில்லையென்றால், அந்த இடத்தைவிட்டு விலகிவிடலாம். முதலில் விலகுங்கள், பிறகு போன் செய்யுங்கள்.

பாலியல் தொல்லைக்குப் பாதை தனி. 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் 8-இலிருந்து புகார்களை ஏற்கிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர அதற்கு அதிகாரம் உண்டு. "சாட்சி இல்லையே" என்று பெண்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். சம்பவம் நடந்த அன்று நீங்கள் யாருக்காவது அனுப்பிய செய்தி, அழுதபடி பேசிய பேச்சு, மருத்துவச் சீட்டு, ஷிப்ட் மாற்றக் கேட்ட விண்ணப்பம் எல்லாம் உங்கள் பக்கம் பேசும். எதையும் அழிக்காதீர்கள்.

மொட்டைக் கடிதம் போடலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. பெயர் தெரியாதவருக்கு யாராலும் பாதுகாப்புத் தர முடியாது. கூடுதல் விவரம் கேட்கவும் அதிகாரிக்கு வழியில்லை. அதைவிட மோசம், அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி போகும்போது தவறு செய்தவர் தாள்களைக் கிழிக்க நாள் கிடைக்கிறது. ஃபேஸ்புக், டிக்டாக் பதிவுகளும் அப்படியே, அவதூறு வழக்கும் சேர்ந்து வரும். போலீஸ் ரிப்போர்ட்டில் சொன்னதை வைத்து அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. டிக்டாக்கில் சொன்னதற்கு அந்தக் கவசம் கிடையாது. ரிப்போர்ட் கொடுத்த பிறகும் அந்தத் தாளைப் படமெடுத்துக் குழுக்களில் அனுப்பாதீர்கள். ரகசியம் காக்கும் கடமை தகவல் கொடுத்தவருக்கும் உண்டு.

பினாங்கில் நமக்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை எஸ்.எம். முகமது இத்ரிஸ் 1970 முதல் 2019-இல் மறையும் வரை வழிநடத்தினார். பெரிய கம்பெனியோ அரசாங்கமோ, எழுதிக் கேட்கலாம் என்ற துணிச்சலைச் சாதாரண மக்களுக்குக் கொடுத்தவர் அவர். சீர்திருத்த இயக்கமான அலிரான் 1977-இல் இங்கே பிறந்தது. தொழிற்சங்கம் இருந்தால் இன்னும் நல்லது. மின்னணுத் தொழிலாளர்களுக்கு வடக்கு மண்டலச் சங்கம் இருக்கிறது. இவர்களிடம் வழி கேளுங்கள், கடிதம் எழுத உதவி கேளுங்கள். ஆனால் ஆதாரத்தோடு கூடிய தகவலை முதலில் அமலாக்க அமைப்பிடமே கொடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு நிலைமை இன்னும் கடினம். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். 2020-இல் கிள்ளானில் டாப் குளோவ் தொழிற்சாலையில் வேலை செய்த நேப்பாளத் தொழிலாளர் யுபராஜ் கட்கா, கோவிட் காலத்தில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்பதைப் படமெடுத்து, தம் நாட்டு உரிமை ஆர்வலர் ஒருவருக்கு அனுப்பினார். செப்டம்பரில் வேலை போயிற்று. ஆண்டு முடிவதற்குள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் 5,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அவர் கண்டது சரி. அனுப்பிய இடம் அவரைக் காக்கவில்லை. தம்பிகளே, கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்திருப்பது குற்றம். உங்கள் கடப்பிதழ், பெர்மிட், சம்பளச் சிட்டை மூன்றையும் படமெடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு இன்றே அனுப்பி வையுங்கள். புகாருக்கு முன், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தெனகானித்தா போன்ற அமைப்பிடமோ சட்ட உதவி மையத்திடமோ பேசுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

சொன்ன பிறகு என்ன வரும் என்பதற்கும் தயாராக வேண்டும். பெரும்பாலும் நேரடியாக வேலையை விட்டு நீக்கமாட்டார்கள். இடம் மாற்றுவார்கள், வேலையில்லாத மூலையில் உட்கார வைப்பார்கள், ஓவர்டைமை வெட்டுவார்கள், மதிப்பீட்டில் குறைப்பார்கள். நோக்கம் ஒன்றுதான்: நீங்களாகவே ராஜினாமா எழுத வேண்டும். எழுதாதீர்கள். கோபத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் நிற்பதற்கு இடமில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் அதே நோட்டில் தேதியோடு குறித்து, தகவல் கொடுத்த அமைப்பிடமே பழிவாங்கல் புகாரையும் கொடுங்கள். வேலையை விட்டு நீக்கினாலோ, இருக்க முடியாதபடி செய்து வெளியேற வைத்தாலோ, தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் மீண்டும் வேலை கேட்டு முறையிட 60 நாள்தான். 61-ஆவது நாள் எவ்வளவு நியாயம் பேசினாலும் கதவு திறக்காது. சொக்சோவின் வேலைக் காப்புறுதியிலும் விண்ணப்பக் கெடு 60 நாள். முதலாளியின் நடத்தையால் விலக நேர்ந்தவருக்கும் அதில் இடமுண்டு.

வாய் திறக்கும் முன், முடிந்தால், மூன்று மாதச் செலவுக்காவது பணம் ஒதுக்கி வையுங்கள். கார் தவணை, வீட்டுத் தவணை, பிள்ளைகளின் டியூஷன் என்று கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். என்ன நடந்தது என்ற விவரத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. "வேலையில் சிக்கல் வரலாம், சில மாதம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்" என்பது போதும். தூக்கம் போய்விட்டால், மனம் இருண்டால், மன ஆறுதல் தரும் தொலைபேசிச் சேவையான பினாங்கு பிஃப்ரெண்டர்ஸைக் கூப்பிடுங்கள். விவரம் சொல்லாமலே பாரத்தை இறக்கி வைக்கலாம். இப்போது முடியாது, வீட்டில் நோயாளி இருக்கிறார், இந்தச் சம்பளம் நின்றால் மருந்து நிற்கும் என்று ஒருவர் சொன்னால் அவரை நான் வற்புறுத்த மாட்டேன். குறிப்பை மட்டும் எழுதி வைக்கச் சொல்வேன். அடுத்த முறை கையெழுத்துக் கேட்டால், "சரக்கு வந்ததும் போடுகிறேன்" என்று அமைதியாகச் சொல்லச் சொல்வேன். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

கடைசியாக, பக்கத்து மேசையில் இருக்கும் உங்களுக்கு. சக ஊழியர் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார் என்று காதில் விழுந்தால், யார் கொடுத்தது என்று துருவாதீர்கள், ஊகத்தை அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள். அவரோடு வழக்கம்போல் சாப்பிட உட்காருங்கள். விசாரணை அதிகாரி உங்களைக் கூப்பிட்டால், கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றும் பிரித்துச் சொல்லுங்கள். வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன் கடைசி வரி வரை வாசியுங்கள். மலாய் சரளமில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர் வரும் வரை காத்திருங்கள்.